சிங்கப்பூர் மோட்டார்சைக்கிளில் தாய்லாந்துக்கு: எல்லைக் காகிதங்கள், படிப்படியாக

வாரக் கடைசியில் மலேசியாவின் ஜொகூருக்குப் போய் வருகிறவர்களுக்குச் சுங்கப் படிவம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலோ துவாஸிலோ கடப்பிதழைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு தாய்லாந்து எல்லையில் போய் நின்றால் விழிக்க வேண்டியதுதான். சுங்கத்துறைக்கு மோட்டார்சைக்கிளும் ஒரு சரக்கு. வரி கட்டாமல் கொண்டுவந்து அங்கேயே விற்றுவிடுவீர்களோ என்பது அவர்களின் கவலை. "திரும்பக் கொண்டுபோய்விடுவேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத்தான் இத்தனை காகிதமும்.

முதல் படி: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்திலிருந்து வாகனப் பதிவு விவரத்தை, நாம் லாக் கார்டு என்கிறோமே அதை, அச்சிட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் காட்டலாம் என்று இருந்துவிட வேண்டாம். தாய்லாந்து அதிகாரிகள் நகல் கேட்பார்கள். இரண்டு மூன்று பிரதி இருக்கட்டும். கடப்பிதழ், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களும் கூடவே வேண்டும்.

அச்சிட்ட தாளை வண்டிக்குப் பக்கத்தில் வைத்து, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சேறு படிந்த எண்ணை எல்லையில் வெயிலில் நின்று துடைப்பதைவிட இங்கே துடைப்பது நல்லது.

வண்டி உங்கள் பெயரில் இல்லையா? அண்ணன் வண்டியாக இருந்தாலும் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் தேவை. தவணைக் கடன் இன்னும் முடியவில்லையென்றால், கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்தும் கடிதம் வாங்குங்கள். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். கிடைக்கச் சில நாள் ஆகலாம். முதலில் இதற்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இரண்டாம் படி: காப்புறுதி, உரிமம்

சிங்கப்பூர்க் காப்புறுதிகள் பல, மேற்கு மலேசியாவோடு, தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் செல்லும். தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரம் அதற்குள் வந்துவிடும். ஆனாலும் தாய்லாந்துச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். எல்லையை ஒட்டிய கடைகளில் உடனே கிடைக்கும். உரிமத்தில் சிக்கல் இல்லை: ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்பதாக 1985இல் உடன்பாடு செய்துகொண்டன.

மூன்றாம் படி: மின்னியல் வருகை அட்டை

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் இதை இணையத்தில் நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். மலேசியாவுக்கும் இப்படி ஓர் அட்டை உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது வேண்டாம். இங்கே வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு வேண்டும்.

நான்காம் படி: எல்லையில்

சிங்கப்பூரிலிருந்து மலேசிய எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹித்தாம் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கச்சாவடிக் கட்டணம் கிடையாது என்பது ஓர் ஆறுதல். மலேசியப் பக்கம் முத்திரை வாங்கியபின் அடுத்தது தாய்லாந்துப் பக்கத்துச் சோதனைச்சாவடியான சடாவ்.

அங்கே முதலில் குடிநுழைவு. கடப்பிதழோடு டி.எம்.2 என்னும் வாகன விவரப் படிவத்தையும், டி.எம்.3 என்னும் பயணிகள் பட்டியலையும் கேட்பார்கள். தனியாகப் போனாலும் நிரப்பத்தான் வேண்டும்.

கடப்பிதழில் முத்திரை விழுந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். சுங்க முகப்பு தனி. அங்கேதான் வண்டிக்கான தற்காலிக இறக்குமதித் தாள் தருவார்கள். கையில் வாங்கியதும், வரிசை நீண்டிருந்தாலும் நகராமல், மூன்றைச் சரிபாருங்கள்: பதிவெண், சேஸிஸ் எண், வண்டி வெளியேற வேண்டிய கடைசித் தேதி. தட்டச்சுப் பிழை இருந்தால் அந்த நிமிடத்திலேயே திருத்திக்கொள்ளலாம். திரும்பும்போது கண்டுபிடித்தால் வாதாட வேண்டியிருக்கும். உங்கள் விசாவின் கடைசி நாளும் வண்டியின் கடைசி நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டி தங்கிவிட்டால் அபராதம் உங்களுக்குத்தான்.

ஐந்தாம் படி: திரும்பும்போது

அந்தத் தாளைச் சுங்க முகப்பில் ஒப்படைத்து, வண்டி வெளியேறியதைப் பதியச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் பயணத்தின் முக்கியமான வேலை இதுதான். கொடுக்காமல் வந்துவிட்டால், உங்கள் வண்டி இன்னும் தாய்லாந்தில்தான் இருக்கிறது என்று அவர்கள் பதிவு சொல்லும். அடுத்த முறை அதே வண்டியில் போகும்போது வம்பு வரும். எல்லைக்கு வந்துசேரும் நேரத்தைக் கணக்கிடும்போது, தாய்லாந்து நேரம் நம்முடையதைவிட ஒரு மணி பின்தங்கியது என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்தியா வரை போக ஆசையா?

கப்பலில் சென்னைக்கு வண்டியை அனுப்பி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்ற நினைப்பவர்களுக்கு இந்தத் தாள்கள் போதா. வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் கார்னே என்னும் ஏடு தேவை. 1954ஆம் ஆண்டின் நியூயார்க் சுங்க உடன்படிக்கை அங்கீகரிக்கும் ஆவணம் அது. சிங்கப்பூரில் ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. ஓராண்டு செல்லும். வண்டியின் மதிப்பையும் போகும் நாட்டையும் பொறுத்துப் பிணைத்தொகை கேட்பார்கள். கையில் ரொக்கம் முடங்கும் என்பதை முன்னமே கணக்கில் வையுங்கள்.

ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது கீழ்த்துண்டையும் வெளியேறும்போது நடுத்துண்டையும் சுங்கத்துறை கிழித்துக்கொள்ளும். மேல்துண்டு உங்களிடம் இருக்கும். அதில் நுழைவு, வெளியேற்றம் இரண்டுக்கும் முத்திரை இருந்தே தீர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பிணைத்தொகை திரும்புவது இழுபறிதான். வண்டி சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும் வண்டியை இங்குள்ள சுங்கத்துறையிடம் காட்டி, வந்து சேர்ந்ததற்கான சான்றில் முத்திரை பெற்று, ஏட்டைச் சங்கத்திடம் ஒப்படையுங்கள். அதன்பிறகுதான் பணம் திரும்ப வரும்.