வைகைச் சீமைக்குப் போகிறவர்கள் கண்மாய்க் கரையில் ஏறிப் பாருங்கள்

சென்னையிலிருந்து மதுரை, ராமநாதபுரம் பக்கம் போகிறவர்கள் பயணத்தை டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் காலம் அது. கோடையில் போனால் வெடித்த மண்ணையும் சீமைக் கருவேலத்தையும்தான் பார்ப்பீர்கள். அதை வைத்து வறண்ட பூமி என்று முடிவுகட்டுவது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

நாம் ஏரி என்பதை அங்கே கண்மாய் என்பார்கள். கரையில் ஏறியதும் முதலில் மடையைத் தேடுங்கள். வயலுக்குத் தண்ணீர் போகும் வழி அது. பிறகு கலிங்கு. கண்மாய் நிறைந்ததும் மிச்ச நீர் அதன் வழியாக வழிந்து கீழேயுள்ள அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒரு சொட்டும் வீணாகாமல் ஊருக்கு ஊர் கைமாறும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேர்கிறது.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் மதுரை. கீழடி அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். நேரமிருந்தால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குப் போங்கள். அங்கே கண்மாயில் தங்கும் பறவைகளுக்காகச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நீங்களும் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். திரும்பும்போது ராமநாதபுரம் முண்டு மிளகாய் ஒரு கிலோவாவது வாங்கி வாருங்கள்.