அலுவலகத்தில் நெட் விட்டுவிட்டு வருகிறதா? இன்னொரு ரவுட்டரைத் தேடுங்கள்

ஒரு மேசையில் நெட் ஓடுகிறது, பக்கத்து மேசையில் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. மறுநாள் வேறொரு கணினியில் போகிறது. எங்கள் அலுவலகத்தில் இதே கூத்துதான். இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுமுன் இதைச் செய்து பாருங்கள். (விண்டோஸ் கணினிகளுக்கு.)

1. நெட் போன கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து முதலில் ரவுட்டரைப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை: ping, பிறகு ரவுட்டர் முகவரி), பெரும்பாலும் 192.168.1.1. அப்புறம் 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்). முதலாவது ஒழுங்காகப் பதில் தந்து இரண்டாவது தராவிட்டால் வெளி லைனைச் சந்தேகப்படலாம். ரவுட்டரே விட்டுவிட்டுப் பதில் தந்தால் கேபிளையும், ஸ்விட்சில் (கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) அது செருகியிருக்கும் போர்ட்டையும் மாற்றுங்கள். இதற்கென்று ஆப் எதுவும் வேண்டாம், பிங் போதும்.

2. ரவுட்டர் பதிலே தரவில்லையா? ஐபிகான்ஃபிக் கட்டளையை 'ஆல்' சேர்த்துக் கொடுங்கள் (ipconfig /all). 'டிஎச்சிபி சர்வர்' (DHCP Server, கணினிகளுக்கு முகவரி கொடுப்பது) என்ற வரியை நன்றாக இருக்கும் கணினியோடு ஒப்பிடுங்கள். இங்கே 192.168.0.1, அங்கே 192.168.1.1 என்றால் ஆள் சிக்கிவிட்டது: வேறொரு ரவுட்டரும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அது வைஃபைக்காக மீட்டிங் அறையில் யாரோ மாட்டியது.

கணினி ஆன் ஆனதும் 'எனக்கு முகவரி யார் தருவீர்கள்?' என்று எல்லோரையும் கேட்கும். பெரும்பாலும் முந்திக்கொண்டு பதில் சொல்பவரிடம் வாங்கிக்கொள்ளும். அந்த முகவரிக்கான காலக்கெடுவில் பாதி ஆனதும் அதே ஆளிடமே புதுப்பித்துக்கொள்ளும். அதனால் கோளாறு தானாகத் தீராது.

3. இங்கேதான் வரிசை முக்கியம். அந்த ரவுட்டரைத் தனியாகக் கழற்றி லேப்டாப்பில் கேபிளால் இணையுங்கள். முதலில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் லேன் முகவரியை (உள் நெட்வொர்க்கில் அதன் எண்) 192.168.1.2 ஆக்குங்கள் (அது வேறு யாருக்கும் போகாத எண்ணாக இருக்கட்டும்). புது முகவரியில் மறுபடி நுழைந்து, பிறகுதான் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் செட்டிங்ஸ் பக்கமே திறக்காமல் போகலாம். கடைசியில் மெயின் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் (வெளி லைனுக்கானது) அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் அமைப்பு) இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: இதெல்லாம் செய்தும் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் ஒரே ஒரு லேப்டாப் மட்டும் அடம்பிடித்தது. பிரிண்டருக்குக் கையால் 192.168.1.105 கொடுத்திருந்தார்கள், ரவுட்டர் பகிர்ந்து கொடுப்பதோ 100 முதல் 199 வரை (கடைசி எண்). அதனால் அதே முகவரி லேப்டாப்புக்கும் போய் இரண்டும் மோதின. பிரிண்டரை 20-க்கு மாற்றியதும் சரியானது. மாற்றினால் ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டர் போர்ட்டையும் (அங்கே பதிந்திருக்கும் பிரிண்டர் முகவரி) மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரிண்ட் வராது.