தமிழில் ராப் தொடங்குபவருக்கு: முதல் சில ஆண்டுகளை அமைத்துக்கொள்வது எப்படி

மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ரா குழுவினர் 2006இல் தங்கள் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார்கள். ஹிப்ஹாப் தமிழா 2012இல், இணையத்தில் திரண்ட ரசிகர்களை நம்பித் தங்கள் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு சென்னையில் மேடையேறியது. இவர்கள் எல்லோருக்கும் தமிழ்த் திரையுலகின் வாசலுக்கு வெளியே தங்களுக்கென்று ஒரு குரலும் சில பாடல்களும் இருந்தன. இன்று தொடங்குகிற ஒருவரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சேர்க்க வேண்டியவை அவைதாம்: வேறு யாருடையதும் அல்லாத ஒரு பேச்சுமொழி, எழுத்துப்பூர்வமான உரிமையோடு கையில் இருக்கும் ஏழெட்டுப் பாடல்கள். பார்வை எண்ணிக்கை, காணொளியின் பளபளப்பு, ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள் ஆகிய மூன்றும் இவற்றுக்குப் பிறகு வந்தாலும் நட்டம் இல்லை.

எழுத்து

புதியவர்களின் வரிகளில் அடிக்கடி காணும் குறை, வரியின் கடைசிச் சொல்லை மட்டும் நம்பி எழுதுவது. தமிழ் வினைச்சொற்கள் விகுதியால் முடிபவை என்பதால், 'வருவேன்', 'வெல்வேன்', 'சொல்வேன்' என்று அடுக்கினாலே இயைபு தானாக வந்துவிடுகிறது. தானாக வருவதால்தான் அதைக் கேட்பவர் காது பொருட்படுத்துவதில்லை. விகுதியை விட்டுவிட்டுப் பெயர்ச்சொற்களில் இயைபைத் தேடுங்கள். அதோடு நிற்காமல் வரியின் தொடக்கத்தையும் கவனியுங்கள். எதுகையும் மோனையும் நம் செய்யுள் மரபில் வரியின் முன்பகுதியில் வேலை செய்பவை. அது பீட்டின், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசையின், அமைப்போடு அழகாகப் பொருந்துகிறது. வழக்கமான நான்கு தட்டு பீட்டில் கிக் என்ற கனத்த டிரம் ஒலி ஒன்றாம் தட்டிலும், ஸ்நேர் என்ற கூர்மையான டிரம் ஒலி இரண்டிலும் நான்கிலும் விழுகின்றன. எதுகை கிக்கின் மேல் விழுந்து, இயைபு நான்காம் தட்டின் ஸ்நேரில் விழுமாறு எழுதினால் ஒரே பார் (நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று) இரண்டு முனையிலும் பூட்டப்பட்டதாகிறது.

இந்த இரண்டு வரிகளைத் தட்டோடு சொல்லிப் பாருங்கள்:

பட்டறைப் பொறியில பாடம் படிச்ச கண்ணு,
கட்டட நிழலுல காஞ்சு போன மண்ணு.

'பட்டறை', 'கட்டட' என்ற எதுகை முதல் தட்டைப் பிடிக்கிறது. 'பாடம் படிச்ச', 'காஞ்சு' ஆகியவை மோனையால் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. 'கண்ணு', 'மண்ணு' ஸ்நேரில் இறங்குகின்றன. வெல்டிங் பட்டறையில் நின்றவர் சொல்லக்கூடிய செய்தியும் அதில் இருக்கிறது. இது பெரிய கவிதை அல்ல. ஆனாலும் 'நான் சிங்கம், நீ அசிங்கம்' என்ற வகை வரிகளைவிட இதைக் கேட்பவர் நினைவில் வைத்துக்கொள்வார்.

ஃப்ளோவில், அதாவது சொற்கள் தட்டின் மேல் ஓடும் விதத்தில், கவனிக்க வேண்டிய இன்னொன்று குறில், நெடில். ஆங்கில ராப்பின் அசைவைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், தட்டு நிரம்பவில்லை என்று குறிலை இழுத்துவிடுகிறார்கள். அப்படி இழுத்தால் 'படம்' என்பது 'பாடம்' ஆகிவிடும். வேகத்துக்காக நெடிலைக் குறுக்கினாலும் பொருள் கெடும். தட்டு நிரம்பவில்லை என்றால் சொல்லை மாற்றுங்கள், அல்லது அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். வெற்றிடமும் ஃப்ளோவின் பகுதிதான்.

மொழி எந்த வட்டாரத்துடையது என்பதில் என் கருத்து உறுதியானது: உங்கள் வீட்டில் சண்டை போடும்போது எந்தத் தமிழ் வருகிறதோ அதில் எழுதுங்கள். வடசென்னை வழக்குதான் ராப்புக்கு ஏற்றது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கானாவின் செல்வாக்கு அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் கோவைக்காரர் அதைக் கடன் வாங்கிப் பாடினால் மூன்றாம் வரியிலேயே வெளிப்பட்டுவிடும். நெல்லை, மதுரை, கொங்கு, நாஞ்சில் வழக்குகள் ஒவ்வொன்றுக்கும் தனி வேகமும் தனி இறக்கமும் உண்டு. அதைத் தட்டில் உட்கார வைக்கிற முதல் ஆளாக நீங்கள் இருக்க வாய்ப்பிருக்கும்போது, அதை விட்டுவிட்டு வேறொருவரின் நிழலாக வேண்டியதில்லை.

பீட்டும் அதன் காகிதமும்

யூடியூபில் 'இலவச பீட்' என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். அவற்றின் மேல் பாடி ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் வெளியிட வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். விலை குறைந்த உரிமம் பொதுவாகத் தனியுரிமை அற்றது. அதே பீட்டை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள், எத்தனை முறை ஒலிக்கலாம் என்ற உச்சவரம்பும் ஒப்பந்தத்தில் இருக்கும். அத்தகைய பீட்டில் செய்த பாடலை, ஒரே ஒலி வேறு காணொளிகளில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்யாதீர்கள். பதிவு செய்தால் அதே பீட்டை முறையாக வாங்கிய மற்றவர்களின் பாடல்களின் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைக் கோரல் எழும். பல ஒப்பந்தங்கள் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

பழைய திரைப்பாடலிலிருந்து சில வினாடிகளை வெட்டி எடுத்து பீட் செய்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 'இத்தனை வினாடிக்குள் எடுத்தால் தப்பில்லை' என்று ஒரு விதி இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமையாளர், அதற்குள் இருக்கும் இசைக்கும் வரிகளுக்கும் வேறு உரிமையாளர்கள் என்று இரண்டு அடுக்கு உரிமைகள் இருப்பதால், அனுமதியும் இரண்டு இடத்தில் வாங்க வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் விட நல்ல வழி, உங்களைப் போலவே தொடங்கிக்கொண்டிருக்கும் ஓர் இசையமைப்பாளரோடு சேர்ந்து வேலை செய்வது. நட்பு எவ்வளவு நெருக்கமானதாக இருந்தாலும், பாடல் முடிந்த அன்றே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: பாடலின் பெயர், தேதி, வரிகள் யாருடையவை, இசை யாருடையது, ஒலிப்பதிவின் உரிமையாளர் யார், வருமானத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு. ஹூக் (பாடலில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) எழுதிக் கொடுத்த தோழியின் பெயரும் அதில் வர வேண்டும். பாடல் ஓடாதபோது இந்தக் காகிதத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஓடிய பிறகு இதை எழுத யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பதிவு

இதில் அளவுக்கு மீறிச் செலவு செய்ய வேண்டாம். எதிரொலி அடக்கப்படாத அறையில் விலையுயர்ந்த கண்டென்சர் மைக்கைவிட ஓர் எளிய டைனமிக் மைக் நல்ல பலன் தரும். கண்டென்சர் சுவரின் எதிரொலியையும் மின்விசிறியின் ஓசையையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. துணிகள் நிறைந்த அலமாரியின் எதிரே, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, மூச்சுக் காற்றின் வெடிப்பைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வைத்து, 24 பிட்டில், ஒலியளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்யுங்கள். முதன்மைக் குரல், அதன் மேல் மறுபடி பாடிச் சேர்க்கும் டபிள், இடையிடையே வரும் சிறு கூவல்களான அட்லிப் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாக வையுங்கள். கையில் காசு இருந்தால் மைக்கைவிட, தடங்களைக் கலந்து சீராக்கும் மிக்சிங் பொறியாளருக்குக் கொடுப்பது மேல். வேலை முடிந்ததும் ஸ்டெம் கோப்புகளை (பாடலின் தனித்தனித் தடங்களை) கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

வெளியீடு

கலைப்பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் எல்லாத் தளங்களிலும் தேடிப் பாருங்கள். அதே பெயரில் வேறொருவர் இருந்தால் உங்கள் பாடல் அவர் பக்கத்தில் போய் அமரும். பாடலின் தலைப்பை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் ஒருமுறை முடிவு செய்து எங்கும் அதையே பயன்படுத்துங்கள். தமிழ்ப் பாடல்களைப் பலரும் ரோமன் எழுத்தில்தான் தேடுகிறார்கள். 'ழ' உள்ள தலைப்பை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள்.

விநியோக நிறுவனம் ஒன்றின் வழியே பாடல் தளங்களுக்குப் போகும்போது, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள். பின்னாளில் நிறுவனத்தை மாற்றினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கணக்கு தொடரும். ஆண்டுக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில், கட்டணம் நின்றால் பாடல் நீக்கப்படுமா என்பதைச் சேரும் முன்பே படித்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்குப் பாடலை முன்வைக்க வெளியீட்டுக்கு முன் ஏழு நாளாவது வேண்டும். மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுவது நல்லது.

வருமானத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைத் தாழ்த்தி வையுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவுக்கான வருமானப் பங்கு கிடைப்பதில்லை. யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களோடு, 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை தேவை. பலர் மறந்துவிடும் வழி ஐபிஆர்எஸ், அதாவது இசைப் படைப்பாளிகளின் உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் இந்தியச் சங்கம். வரிகள் எழுதியவரும் இசையமைத்தவரும் அதில் உறுப்பினராகித் தங்கள் படைப்புகளைப் பதிவு செய்தால், அவை பொதுவெளியில் பயன்படுத்தப்படும்போது சேரும் உரிமைத்தொகையில் பங்கு வரும். இது விநியோக நிறுவனம் தரும் பணத்திலிருந்து வேறானது.

மேடை

90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) வேகத்தில் 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ், அதாவது ஹூக்குகளுக்கு இடையே வரும் பகுதி, ஏறக்குறைய 43 வினாடி. ஒலிப்பதிவில் நான்கு துண்டாகப் பாடி ஒட்டிய வெர்ஸை மேடையில் ஒரே மூச்சோட்டத்தில் சொல்ல முடியாமல் திணறுபவர்கள் ஏராளம். எழுதும்போதே மூச்சு வாங்கும் இடத்தைத் தாளில் குறியுங்கள். நடந்துகொண்டே முழு வெர்ஸையும் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். மேடைக்கெனத் தனிப் பதிப்பு ஒன்றைத் தயார் செய்து, அதில் வெர்ஸின் முதன்மைக் குரலை நீக்கி, ஹூக்கின் பின்னணிக் குரலை மட்டும் வையுங்கள். முழுப் பாடலையும் ஓடவிட்டு அதன் மேல் கத்தினால், நீங்கள் உண்மையில் பாடுகிறீர்களா என்ற ஐயம் கூட்டத்துக்கு வந்துவிடும். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பார்க்க மிடுக்காக இருந்தாலும் சொல் மங்கும், ஊளைச் சத்தமும் எளிதில் கிளம்பும்.

யாரும் ஏறிப் பாடக்கூடிய ஓபன் மைக், கல்லூரி விழா, வட்டமாக நின்று மாறி மாறி ராப் சொல்லும் தெருவோர சைஃபர் என்று இருபது பேர் நிற்கும் இடங்களுக்குத் தொடர்ந்து போங்கள். எந்த வரியில் தலை ஆடுகிறது, எந்த வரியில் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். அடுத்த பாடலைத் திருத்த அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

ஒப்பந்தம் வரும்போது

ஒரு பாடல் கவனம் பெற்றதும் லேபிள் எனப்படும் இசை நிறுவனத்திலிருந்தோ திரைப்படத்திலிருந்தோ அழைப்பு வரலாம். போவது தவறே இல்லை. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தையும், அதில் 2012இல் வந்த திருத்தத்தையும் அறிந்து போங்கள். திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்க்கப்பட்ட வரிகளுக்கும் இசைக்கும் உரிய உரிமைத்தொகையில் படைப்பாளிக்குள்ள சமப் பங்கை அவரே கையெழுத்திட்டுக்கூட நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது மட்டும் படப் பாடலுக்கு விதிவிலக்கு. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. அதனால்தான் நிறுவனங்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதிக் கொண்டுவருகின்றன. அந்தச் சொற்களைக் கண்டால் காலத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஒரு பாடலுக்கான ஒப்பந்தமா, இனி நீங்கள் எழுதப்போகிற எல்லாவற்றுக்குமா என்பதையும், உங்கள் கலைப்பெயரும் யூடியூப் பக்கமும் யார் கையில் இருக்கும் என்பதையும் தனியாகப் பாருங்கள். முன்பணம் தருகிறார்கள் என்றால் அது பின்னால் உங்கள் பங்கிலிருந்து கழிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திடும் முன் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். 'இன்றைக்கே கையெழுத்து வேண்டும்' என்று அவசரப்படுத்துபவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரோடு சேர வேண்டாம்.