நிறுவன உளவியலில் வேலையும் ஆய்வும்: விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது?

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்தது. அமெரிக்காவில் மிக வேகமாக வளரப்போகும் தொழில், வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் நிறுவன உளவியல்தானாம். அந்த நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2012-க்கும் 2022-க்கும் இடையே 53 சதவீத வளர்ச்சி இருக்கும் என்று கணித்திருந்தது. சதவீதத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்த எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. 2012-இல் அந்தப் பெயரில் வேலையில் இருந்தவர்கள் சுமார் 1,600 பேர். பத்து வருடத்தில் அது 2,500 ஆகும் என்பதுதான் கணிப்பு. நம்மூர் கல்யாணம் ஒன்றில் மூன்று நான்கு பந்தியில் அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம். அந்தச் செய்தியை நம்பிக் கடன் வாங்கிப் படிக்கப் போனவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

அதற்காக இந்தத் துறையில் வேலையே கிடையாது என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது, ஆனால் வேறு பெயர்களில் இருக்கிறது. எம்எஸ்சி முடித்தவர்கள் வேலை தேடும் தளங்களில் 'சைக்காலஜிஸ்ட்' என்று தட்டுகிறார்கள். வருவதெல்லாம் பள்ளி கவுன்சிலர், மருத்துவமனை, மறுவாழ்வு மையம். நிறுவனங்கள் இந்த வேலைக்கு வைக்கும் பெயர்கள் டேலண்ட் அசெஸ்மென்ட், பீப்பிள் அனலிட்டிக்ஸ், லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட், ஆர்கனைசேஷன் டெவலப்மென்ட் என்று போகும். அறிவிப்பு முழுக்கத் தேடினாலும் 'உளவியல்' என்ற சொல் ஒரு இடத்திலும் இருக்காது. தேர்வு வினாக்களின் நம்பகத்தன்மையைச் சோதிக்கத் தெரியுமா, ஊழியர் கருத்துக்கணிப்புத் தரவை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அலசத் தெரியுமா என்று கேட்டிருப்பார்கள். அதுதான் நமக்கான வேலை.

அரசுப் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி வாரியங்களில் உளவியலாளர்கள் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் கீழ் தில்லியில் பாதுகாப்பு உளவியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. ரயில் ஓட்டுநர், நிலைய மேலாளர் போன்ற பணிகளுக்கான திறன் தேர்வுகளுக்குப் பின்னால் லக்னோவில் உள்ள ரயில்வே ஆய்வு அமைப்பான ஆர்டிஎஸ்ஓ-வின் உளவியல் பிரிவு இருக்கிறது. இடங்கள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை.

பட்டம், பதிவு: தேவையில்லாத பயமும் தேவையான பயமும்

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு வேண்டும். நிறுவன உளவியலுக்கு அது வேண்டாம். இது தெரியாமல் 'ஆர்சிஐ இல்லாமல் ஒன்றும் நடக்காது' என்று யாரோ சொன்னதை நம்பி, விருப்பமே இல்லாத கிளினிக்கல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

வெளிநாடு போனால் கதை தலைகீழ். பிரிட்டனில் 'ஆக்குபேஷனல் சைக்காலஜிஸ்ட்' என்பது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பெயர். எச்சிபிசி என்ற அமைப்பில் பதிவு செய்யாமல் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு வருட எம்எஸ்சி அந்தப் பாதையின் முதல் கட்டம் மட்டும்தான். அதற்குப் பிறகு மேற்பார்வையில் வேலை செய்து தகுதி பெற வேண்டும். பட்டமளிப்பு விழா முடிந்த அன்றே லிங்க்டினில் அந்தப் பெயரைப் போட்டு, வேலை கேட்ட இடத்திலேயே ஒருவர் மாட்டிக்கொண்டார். அமெரிக்காவிலும் 'சைக்காலஜிஸ்ட்' என்ற பெயருக்கு மாநில உரிமம் உண்டு. அங்கே இத்துறையில் பலரும் 'கன்சல்டன்ட்' என்று சொல்லிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

'கோயம்புத்தூர் ஐடி ஊழியர்களின் வேலைத் திருப்தி: ஓர் ஆய்வு'

இனி ஆய்வுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

மேலே உள்ள தலைப்பை நீங்கள் எங்கோ பார்த்திருப்பீர்கள். ஊரை மாற்றுங்கள், ஐடிக்குப் பதில் வங்கி போடுங்கள், வேலைத் திருப்திக்குப் பதில் மன அழுத்தம் போடுங்கள். எம்பிஏ ப்ராஜெக்ட் முதல் பிஎச்டி சினாப்சிஸ் வரை எல்லாம் இந்த ஒரே அச்சு. 200 பேரிடம் கூகுள் படிவம், ஆண்-பெண் வித்தியாசத்துக்கு ஒரு டி-டெஸ்ட், இரண்டு மாறிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க ஒரு கோரிலேஷன். இதை அப்படியே நல்ல இதழுக்கோ மாநாட்டுக்கோ அனுப்பினால் மதிப்பாய்வாளர் கைக்கே போகாமல் ஆசிரியர் மேசையிலிருந்தே திரும்பி வந்துவிடும். தமிழ்நாட்டு ஆய்வு என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் வேறு.

ஒருவர் திங்கட்கிழமை காலை அவிநாசி சாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் சிக்கி, அலுவலகம் வந்ததும் உங்கள் படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை பிடிக்கவில்லை, மேலாளர் சரியில்லை, தூக்கம் வரவில்லை என்று எல்லாவற்றுக்கும் குறைவான மதிப்பெண். பக்கத்து இருக்கைக்காரர் சம்பள உயர்வுக் கடிதம் வந்த நாளில் நிரப்புகிறார்; எல்லாம் அமோகம். இப்போது 'மேலாளரின் ஆதரவும் வேலைத் திருப்தியும் தொடர்புடையவை' என்று உங்கள் கோரிலேஷன் சொல்லும். உண்மையில் நீங்கள் அளந்ததில் ஒரு பங்கு அன்றைய மனநிலை. ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், ஒரே வகைப் படிவத்தில் காரணத்தையும் விளைவையும் கேட்டால் வரும் இந்தச் சிக்கலைப் பற்றி 2003-இல் பொட்சகாஃபும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. அதைப் படித்திராத மதிப்பாய்வாளர் கிடைப்பது கஷ்டம்.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். காரணத்தை இன்று கேளுங்கள், விளைவை ஆறு வாரம் கழித்துக் கேளுங்கள். ஊழியரின் செயல்திறனை அவரிடமே கேட்காமல் அவருடைய டீம் லீடரிடம் கேளுங்கள். வருகைப் பதிவு, விற்பனைக் கணக்கு என்று ஏற்கெனவே இருக்கும் எண்கள் கிடைக்குமா பாருங்கள். உழைப்பு கூடும், பாதிப் பேர் இரண்டாம் முறை பதில் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் அப்படித்தான்.

சரி, கோயம்புத்தூர் எதற்கு? 'என் வீடு அங்கே இருக்கிறது' என்பதுதான் உண்மையான பதில் என்றால் தலைப்பில் ஊர் வேண்டாம். ஊருக்கு வேலை கொடுங்கள். முதலாளியே தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று லேத் ஓட்டும் சின்னப் பட்டறையில் 'மேலாண்மை ஆதரவு' என்பதற்கு என்ன அர்த்தம்? திருப்பூரில் தமிழ் மட்டும் தெரிந்த மேற்பார்வையாளரின் கீழ் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தைக்கும்போது நம்பிக்கை எப்படி உருவாகிறது? இப்படிக் கேட்டால் ஊர் தானாகவே தலைப்புக்குள் வந்து உட்காரும். இந்தியத் தொழிற்கூடத்திலிருந்து உலகத்துக்குக் கோட்பாடு போனதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ மில்லில் செய்த ஆய்வு அது. தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஆளுக்கொரு துண்டு வேலையாகப் பிரிந்து கிடந்தவர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒரு தறித்தொகுதியை ஒரு குழுவின் பொறுப்பில் விட்டபோது நிலைமை மாறியது. 1953-இல் 'ஹியூமன் ரிலேஷன்ஸ்' இதழில் வந்த அந்த ஆய்வை இன்றும் பாடமாக வைக்கிறார்கள். பிறகு 1958-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பில் அகமதாபாத் என்ற பெயர் சும்மா நிற்கவில்லை.

அளவுகோல் விஷயத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பணிச்சோர்வை அளக்கும் மாஸ்லாக் அளவுகோல் பதிப்புரிமை உள்ளது. மைண்ட் கார்டன் என்ற நிறுவனம் பிரதிக் கணக்கில் விற்கிறது. நம் ஆட்கள் சீனியரின் ஆய்வேட்டுப் பின்னிணைப்பிலிருந்து அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இதழிலிருந்து அனுமதிக் கடிதம் கேட்கும்போதுதான் விழிப்பார்கள். பணி ஈடுபாட்டை அளக்கும் உட்ரெக்ட் அளவுகோலோ வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு இலவசம். எது எப்படி என்று தரவு திரட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பும் அப்படித்தான். ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. இயந்திரத்தில் போட்டு எடுத்த ஒரு வினாத்தாளில் பணி ஈடுபாட்டைக் குறித்த 'எங்கேஜ்மென்ட்' என்பது நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. நூற்றுச் சொச்சம் தொழிலாளர்கள் அதற்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் டிக் அடித்துக் கொடுத்திருந்தார்கள்!

அழைப்பு வந்தால் அது அழைப்புதானா?

'மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் அரிய கட்டுரையை வியந்து படித்தோம்' என்று எம்ஏ மாணவருக்கு மின்னஞ்சல் வருகிறது. இரண்டு நாளில் ஏற்பு, ஒரு வாரத்தில் பிரசுரம், கட்டணம் மட்டும் உடனே. கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் இப்படிப்பட்ட இதழ்களைப் பட்டியலிட்டு வந்தார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியல் நின்றுபோனது. தரமான இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் அதுவே கைவிட்டுவிட்டது. ஆனாலும் 'யுஜிசி-கேர் பிரசுரம் உறுதி' என்று சொல்லிப் பணம் வாங்கும் ஏஜென்ட்டுகளுக்குக் குறைவில்லை. இன்னொன்று, பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி தன் 2022 விதிமுறைகளிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். கைடிடம் கேட்பதோடு நிற்காமல் விதிப் புத்தகத்தையும் பாருங்கள்.

உண்மையான மாநாடுகளை அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. சென்ற வருட நிகழ்ச்சி நிரல் முழுதாகக் கிடைக்கும், அதில் நீங்கள் படித்த கட்டுரைகளை எழுதியவர்களின் பெயர்கள் இருக்கும். அமெரிக்காவின் நிறுவன உளவியலாளர் சங்கமான சியோப் வருடா வருடம் வசந்த காலத்தில் கூடுகிறது. ஐரோப்பாவில் அதே துறைச் சங்கமான இயாவாப்பின் மாநாடு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. மேலாண்மை ஆய்வாளர்களின் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ கூடுகிறது. கட்டுரையை ஜனவரியிலேயே கொடுத்துவிட வேண்டும். சுருக்கத்தை இப்போது அனுப்பிவிட்டு முழுக் கட்டுரையை அப்புறம் எழுதலாம் என்ற நம்மூர் வழக்கம் அங்கே நடக்காது. முழுக் கட்டுரையும் வேண்டும், பக்க வரம்பும் உண்டு.

பிஎச்டி: மூன்று ஊர், மூன்று வழக்கம்

நெதர்லாந்து, ஜெர்மனி பக்கம் பிஎச்டி பல நேரங்களில் சம்பளத்தோடு வரும் வேலை. பேராசிரியருக்கு ஒரு திட்டத்துக்கு நிதி கிடைத்திருக்கும், அதற்கு ஆள் கேட்டு விளம்பரம் வரும். தலைப்பு ஏற்கெனவே முடிவானது. அதற்கு நம்மவர்கள் தங்கள் சொந்த ஆய்வுத் திட்டத்தைப் பதினைந்து பக்கம் இணைத்து அனுப்புகிறார்கள். தச்சர் வேண்டும் என்றவரிடம் போய் என் வீட்டு வரைபடத்தைப் பாருங்கள் என்று சொல்வது போல. அந்தத் திட்டத்தில் எந்தப் பகுதியை உங்களால் செய்ய முடியும் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும்.

அமெரிக்காவில் உளவியல் துறையிலும் இந்தப் படிப்பு உண்டு, வணிகப் பள்ளிகளில் 'ஓபி' (ஆர்கனைசேஷனல் பிஹேவியர்) என்ற பெயரிலும் உண்டு. ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வந்துவிடும். நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி அனுப்புவதைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதில் பாதிப் பேர் பெண்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இன்னொரு விஷயம்: ஆள்தேர்வு பற்றி எழுதும்போது எந்தத் தேர்வு முறை வேலைத் திறனை எவ்வளவு நன்றாகக் கணிக்கும் என்று ஷ்மிட்டும் ஹன்டரும் 1998-இல் போட்ட அட்டவணையையே வேதவாக்காகக் காட்டாதீர்கள். 2022-இல் சாக்கெட்டும் மற்றவர்களும் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் சிந்தனைத் திறனை அளக்கும் தேர்வு கீழே இறங்கி, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் கட்டமைத்த நேர்காணல் மேலே வந்துவிட்டது. நேர்காணலில் இதைக் கேட்டபோது பதில் சொல்லத் திணறியவரை எனக்குத் தெரியும்.

இந்தியாவில் எம்ஏ உளவியல் முடித்தவர்கள் கண்ணில் படாத கதவு ஐஐஎம்களின் பிஎச்டி. அங்கே ஓபி, எச்ஆர் பிரிவுகளுக்கு உளவியல் பின்னணி நல்ல பலம். இதற்கும் வழியாகும் கேட் (CAT) தேர்வை எம்பிஏவுக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதுவோர் கவனிக்க: ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். 2024 ஜூன் முதல் 'பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும்' என்றும் ஒரு தகுதிப் பிரிவு இருக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் மறுபடி தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக என் கதை. ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு 'மாலை 5 மணி, கிழக்கு நேரம்' என்று போட்டிருந்தது. குளிர்காலத்தில் அது நமக்கு மறுநாள் அதிகாலை மூன்றரை. நான் கணக்கைத் தப்பாகப் போட்டு, மறுநாள் பகல் முழுக்க நேரம் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்து காபியோடு உட்கார்ந்தபோது கதவு சாத்தியாயிற்று. அடுத்த வருடம் அதே கட்டுரையை முழுசாகத் திருத்தி, ஒரு நாள் முன்னதாகவே ஏற்றிவிட்டுப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக் கூடாது என்பது அங்கே விதி. முதல் பக்கத்தில் என் பெயர், கைடு பெயர், கைபேசி எண் எல்லாம் இருந்தன.