பல்லாங்குழியிலிருந்து தொடங்கலாம்: பெரியவர்களுக்கு மூளைப் பயிற்சி கொடுப்பது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் பல பெரிய வீடுகளில் இன்று ஒரு பெரியவரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவரும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. பெரியவருக்கு மறதி தட்டத் தொடங்கியதும், டிவியைப் போட்டு அதன் முன்னால் உட்காரவைப்பது வழக்கமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் கொஞ்சத்தை அவருக்குப் பிடித்த விளையாட்டுக்கும் கைவேலைக்கும் ஒதுக்கினால், கவனம், நினைவு, திட்டமிடல் மூன்றுக்கும் பயிற்சி கொடுக்கலாம். ஆளை மதிப்பிட்டு, இலக்கு வைத்து, நடத்தி, பலனைக் குறித்துவைத்து முறையாகச் செய்தால் அதற்குப் பொழுதுபோக்குச் சிகிச்சை என்று பெயர். அமெரிக்காவில் இதற்கென்றே படித்து, தேர்வெழுதிச் சான்று பெற்றவர்கள் உண்டு. நம்மூரில் இது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி தருபவர்), செவிலியர், முதியோர் இல்லப் பணியாளர், வீட்டார் இவர்கள் கையில்தான் இருக்கிறது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இதைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறதி நோய் இல்லாத, 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் ‘ஆக்டிவ்’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2002இல் வந்தன. நினைவுக்குப் பயிற்சி எடுத்தவர்களுக்கு நினைவு கூடியது, தர்க்கமாக யோசிக்கும் பயிற்சி எடுத்தவர்களுக்கு அது கூடியது, பார்த்ததைச் சட்டென்று கவனித்துப் புரிந்துகொள்ளும் வேகத்துக்குப் பயிற்சி எடுத்தவர்களுக்கு வேகம் கூடியது. ஒன்றில் கிடைத்த பலன் மற்றொன்றுக்குத் தாவவில்லை. அதனால் குறுக்கெழுத்துப் போட்டால் எல்லா மறதியும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கு அன்றாடம் எது தேவையோ, அதற்கு மிக நெருக்கமான ஒன்றைப் பழக்குங்கள். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

மறதி நோய் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வேறு அணுகுமுறை உண்டு. இங்கிலாந்தில் உருவாகி, 2003இல் ஆய்வு முடிவோடு வெளிவந்த அறிவுத்தூண்டல் சிகிச்சையில் சிறு குழுவாக உட்கார்ந்து, வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், 7 வாரத்தில் 14 அமர்வுகள் நடத்துவார்கள். சென்னையிலும் இதைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கத்தைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: மருத்துவரிடம் காட்டுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியாகத் தெரியும், அவற்றைச் சரிசெய்ய முடியும். காது மந்தமானாலும் கண்ணில் புரை விழுந்தாலும் ‘சொன்னது மறந்துபோச்சு’ போலவே இருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால், சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கலாம். அன்றைக்குப் பல்லாங்குழியை எடுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

படி 2: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கங்களில் அவருடைய வாழ்க்கையை எழுதுங்கள். என்ன வேலை பார்த்தார்? பர்மாவிலோ மலேயாவிலோ இருந்தாரா? கையெழுத்து எப்படி? கணக்கு எழுதுவாரா? காலையில் தெளிவா, மாலையிலா? எதைச் செய்யும்போது முகம் மலர்கிறது? அவரிடமும் கேளுங்கள், வீட்டாரிடமும் கேளுங்கள், முக்கியமாகச் சமையல்கட்டில் பல வருடமாக வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள். வீட்டாருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஊருக்குள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. கடைக் கணக்கு எழுதியவருக்கு எண்கள் பிடிக்கும். கண்டாங்கிச் சேலை நெய்தவருக்கு நிறமும் கட்டமும் பேசும். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுக் கல்) செய்தவர் கையை வைத்து யோசிப்பவர், அவரிடம் தாளும் பேனாவும் கொடுத்தால் விலகிப்போய்விடுவார்.

படி 3: ஒரே ஒரு இலக்கு

‘ஞாபகசக்தி கூட வேண்டும்’ என்பதை அளக்க முடியாது. கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக எழுதுங்கள். உதாரணமாக: ‘பல்லாங்குழியில் தன் முறை வந்ததும், யாரும் சொல்லாமலே காய் எடுப்பார், 5 முறைக்கு 4 முறை, 20 நிமிட ஆட்டத்தில்.’ இது கவனத்துக்கான இலக்கு. ‘பணியாரம் சுடும் படிகளின் படங்களை ஒரே ஒரு குறிப்போடு வரிசையாக வைப்பார்’ என்பது திட்டமிடலுக்கானது. அந்த இலக்கு அவருக்கு எதற்கு உதவும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பேரன் பேத்தியோடு உட்கார்ந்து விளையாட முடிவதே போதுமான காரணம்தான்.

படி 4: செயலைத் தேர்ந்தெடுத்து, பிரித்துப் பாருங்கள்

நான் எப்போதும் பல்லாங்குழியைத்தான் முதலில் எடுப்பேன். 14 குழி, குழிக்கு ஐந்து காய் (சில வீடுகளில் ஆறு, அவர்கள் வழக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள்). ஒரு குழியை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’, அந்தக் குழி யார் பக்கம் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்வார். இவ்வளவுக்குள் எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள்: எண்ணுவது, வரிசை தப்பாமல் போவது, போட்டுக்கொண்டே நான்கு சேர்வதைக் கவனிப்பது, எந்தக் குழியில் ஆரம்பித்தால் லாபம் என்று முன்கூட்டி யோசிப்பது.

அதனால் இதை ஏற்றவும் இறக்கவும் முடியும். மிகவும் சிரமப்படுபவருக்கு, குழிக்கு ஐந்தாகக் காய் நிரப்புவதே அன்றைய வேலை. அடுத்து, ஒரே ஒரு சுற்று போட்டு நிறுத்துவது. அதுவும் எளிதானால் பசுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு ஆட்டமும் கைவந்தவரிடம், ‘எந்தக் குழியில எடுக்கலாம்னு பாக்குறீங்க?’ என்று, காயைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். அங்கேதான் திட்டமிடல் வேலை செய்கிறது. ஆட்டம் எளிதாக இருந்தால் அலுப்பு, கஷ்டமானால் கோபம். பத்தில் ஏழெட்டு முறை அவராகவே சரியாகச் செய்யும் இடத்தில் நிறுத்துவது என் வழக்கம்.

காய் விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய பெட்டிகளில் குன்றிமணி இருக்கும். அது நச்சு விதை, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எதையும் வாயில் போடும் பழக்கம் வந்துவிட்டவருக்குப் புளியங்கொட்டையும் வேண்டாம், பெரிய சோழியாகப் பார்த்து வாங்குங்கள்.

தாயக்கட்டை உருட்டுவது கணக்குப் பிடித்தவர்களுக்கு நல்லது. ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று நான்கு பக்கம். இரண்டையும் கூட்டவேண்டும், ஆனால் இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. கூட்டும் பழக்கத்தை நிறுத்தி விதிவிலக்கை நினைவில் கொண்டுவருவது மூளைக்கு நல்ல வேலை. முதலில் கட்டையைப் படிக்க மட்டும் விடுங்கள், அப்புறம் ஒரு காய், அப்புறம் எந்தக் காயை நகர்த்துவது என்று தேர்ந்தெடுக்கும்படி இரண்டு காய்.

ஆட்டத்தில் நாட்டமில்லாதவருக்கு வேலையைக் கொடுங்கள். வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக உளுந்து வைப்பது, ஊறவைப்பது, வெண்ணெய்போல ஆட்டுவது, உப்புப் போடுவது, எண்ணெய் காயவைப்பது, ஒரு கரண்டி ஊற்றுவது, திருப்பிப்போட்டு எடுப்பது. ஒவ்வொன்றையும் வீட்டிலேயே போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். முதலில் மூன்று அட்டை, பிறகு ஐந்து, பிறகு ஏழு. ஆத்தங்குடிக் கல் செய்தவருக்கு இதே முறையில்: கண்ணாடியின் மேல் அச்சை வைப்பது, சாயக் கலவையை ஊற்றுவது, அச்சை எடுப்பது, உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவுவது, ஈரக் கலவையை வைத்து அழுத்துவது, காய்ந்ததும் தண்ணீரில் போடுவது. அவர் அட்டைகளைத் திருத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த வேலையை உங்களைவிட அவர் நன்றாக அறிவார். முடிந்தால் அட்டையோடு நிற்காமல், அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டு மாவு அளப்பதை ஆச்சியின் கையில் விடுங்கள்.

படி 5: இடமும் நேரமும்

வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நல்ல வெளிச்சம் விழும் இடமாகப் பாருங்கள். டிவியை அணையுங்கள். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி இரண்டும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். தரையில் உட்கார முடியாதவருக்கு மேசை போடுங்கள். குழுவென்றால் ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும்.

படி 6: அமர்வை நடத்துவது

பேரைச் சொல்லி வணக்கம், அன்றைய நாள், கிழமை ஆகியவற்றை நீங்களே பேச்சுவாக்கில் சொல்லுங்கள். பத்து நிமிடம் பழைய பேச்சு. பிறகு 20, 25 நிமிடம் செயல். முடிவில் காபியோ மோரோ குடித்துக்கொண்டு, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள்.

முன்பு சொன்ன பழக்கம் இதுதான்: விவரத்தைக் கேட்காதீர்கள், கருத்தைக் கேளுங்கள். ‘நேத்து என்ன சாப்பிட்டீங்க?’ என்பது பரீட்சை. ‘கந்தரப்பமா, வெள்ளைப் பணியாரமா, உங்களுக்கு எது?’ என்பதற்குத் தப்பான பதிலே இல்லை. நகரத்தார் வீட்டுப் பெரியவரிடம் அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களையும் (ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒன்றைச் சேர்ந்தது) ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பதின் படத்தையும் பரப்பிவைத்து, ‘இதுல உங்க கோயில் எது, அங்க என்ன விசேஷம்?’ என்று கேளுங்கள். பேச்சு தானாகவே வரும், கூடவே மற்றக் கோயில்களின் பெயரும் வரும்.

உதவி செய்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பத்து விநாடி பொறுத்திருங்கள். இது எல்லோருக்கும் கடினம், பழகிக்கொள்ளுங்கள். பிறகு பார்வையாலோ விரலாலோ காட்டுங்கள். பிறகு ஒரு சொல். பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சேர்ந்து செய்யுங்கள். ‘அதான் இப்பத்தானே சொன்னேன்’ என்ற வார்த்தை அந்த அறைக்குள் வரவே கூடாது.

ஒரே ஒரு விஷயத்தை நினைவில் நிறுத்தியாக வேண்டும் என்றால், இடைவெளி விட்டுக் கேட்கும் முறையைப் பயன்படுத்துங்கள். நம் பழைய வீடுகளில் நிலைப்படி உயரம், ஈரம் பட்டால் தரை வழுக்கும், அதனால் ஊன்றுகோலை எடுத்து உதாரணம் சொல்கிறேன். ‘எந்திரிக்கிறதுக்கு முன்னாடி கம்பை எடுக்கணும்’ என்று சொல்லிவிட்டு, உடனே, ‘அப்பத்தா, எந்திரிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?’ என்று கேளுங்கள். பதிலோடு கம்பையும் கையில் எடுக்கட்டும். பிறகு 15 விநாடி கழித்து, 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக் கேளுங்கள். நடுவில் பணியாரக் கதையோ பல்லாங்குழியோ ஓடட்டும். தப்பினால் சரியான பதிலை உடனே சொல்லி, அவரையும் ஒருமுறை சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். யோசித்து யோசித்துத் தப்பைச் சொல்லவிடாதீர்கள், அந்தத் தப்பே பதிந்துவிடும்.

படி 7: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு அமர்வுக்கும் நான்கு வரி போதும்: என்ன செய்தோம், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், எத்தனை முறை எந்த மாதிரி உதவி தேவைப்பட்டது, முகம் எப்படி இருந்தது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கை கூடாவிட்டாலும் அவர் சிரித்துப் பேசிய நாட்கள் கூடினால், அந்தச் செயலைத் தொடர்வதற்கு அதுவே காரணம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். இலக்கு எட்டிவிட்டால் ஒரு படி ஏற்றுங்கள். மூன்று அமர்வு தொடர்ந்து சிரமப்பட்டால் ஒரு படி இறக்குங்கள், அல்லது ஆட்டத்தையே மாற்றுங்கள். நடுவில் அவர் எழுந்தாலோ, சேலைத் தலைப்பைத் திருகினாலோ, ‘வீட்டுக்குப் போகணும்’ என்று ஆரம்பித்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். காயை அவர் கையாலேயே பெட்டியில் போடவைத்து முடியுங்கள்.

மறதி நோய் மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும். முழு ஆட்டம் ஆடியவர் ஒருநாள் காய் நிரப்புபவராக மாறலாம், அப்புறம் பேரன் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவராக மாறலாம். அப்போதும் அவர் இடம் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பார்த்துக்கொள்ளும் ஆள் மாறினால் நோட்டை அவரிடம் கொடுத்து, ஒரு அமர்வைக் கூட இருந்து நடத்திக்காட்டுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அதே நோட்டை எடுத்துப்போங்கள். ‘எப்படி இருக்காங்க?’ என்று அவர் கேட்டால், ‘பரவாயில்லை’ என்று சொல்வதைவிட, கடைசி மாதத்தின் பக்கங்களைத் திறந்து காட்டுங்கள்.