தாய் உணரும் பிணைப்பை அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

"உங்கள் குழந்தை மீது உங்களுக்குப் பாசம் இருக்கிறதா?" என்று ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று யார் சொல்வார்? அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இரவெல்லாம் கண்விழித்துக் களைத்து, "எனக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை?" என்று உள்ளுக்குள் மருகும் தாயும் அதே பதிலைத்தான் சொல்வார். தன் கைக்குழந்தையோடு இருக்கும் உறவைத் தாய் எப்படி உணர்கிறார் என்பதை அளக்க முனையும் மாணவர்களும் செவிலியர்களும் ஆலோசகர்களும் இடறும் இடங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை தாய் உண்மையைச் சொல்ல முடியாதபடி நாமே போட்டுவைக்கும் முட்டுக்கட்டைகள்.

யாருடைய பாசம்?

முதல் தவறு வினாத்தாளைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. தமிழில் 'பாசம்' என்ற சொல் இரு திசைகளிலும் ஓடும்: தாய்க்குப் பிள்ளை மீதும் பாசம், பிள்ளைக்குத் தாய் மீதும் பாசம். உளவியலில் இவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். தாயின் மனத்தில் குழந்தையை நோக்கி எழும் உணர்வைப் பிணைப்பு என்று வைத்துக்கொள்வோம். பயமோ வலியோ வரும்போது குழந்தை தன்னைக் காப்பவரைத் தேடி நெருங்கும் இயல்பைப் பற்றுதல் என்போம். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி கோட்பாடாக வகுத்தது இந்த இரண்டாவதைத்தான். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் உருவாக்கிய புகழ்பெற்ற ஆய்வகச் சோதனையில், ஒரு வயதைத் தொட்ட குழந்தையை விட்டுத் தாய் இருமுறை அறையிலிருந்து வெளியேறுவார். அவர் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே கவனிக்கப்படுவது குழந்தையின் நடத்தை. வினாத்தாளில் பேசுவதோ தாயின் மனம்.

தாய் நிரப்பிய தாளை வைத்துக்கொண்டு, "இந்தக் குழந்தையிடம் பாதுகாப்பான பற்றுதல் இல்லை" என்று எழுதுவது, தாயின் கண்ணைச் சோதித்துவிட்டுக் குழந்தைக்குக் கண்ணாடி எழுதித் தருவதைப் போன்றது. இந்தக் குழப்பத்துக்கு வினாத்தாள்களின் பெயர்களும் ஒரு காரணம். 1998-இல் காண்டனும் கார்க்கிண்டேலும் வெளியிட்ட 19 கேள்விகள் கொண்ட அளவுகோலின் ஆங்கிலப் பெயரில் பற்றுதலுக்கான சொல்லே (attachment) இருக்கிறது. ஆனால் அது அளப்பது தாயின் உணர்வை. எனவே பெயரை நம்பாமல் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். "என் குழந்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று ஒரு தாய் குறிக்கிறார்; அவருடைய குரல் கேட்டதும் குழந்தை தலையைத் திருப்பிச் சிரிக்கிறது. இதில் எது உண்மை? இரண்டுமே. ஒன்று தாய் உணர்வது, மற்றொன்று நாம் பார்ப்பது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தக் கூடாது. அறிக்கையில் "உறவு பலவீனமாக உள்ளது" என்று எழுதாமல், "உறவு பலவீனமாக இருப்பதாகத் தாய் உணர்கிறார்" என்று எழுதுங்கள். இருவருக்கும் இடையே நடப்பதையும் அறிய வேண்டுமென்றால், பாலூட்டும் நேரத்தையோ விளையாடும் நேரத்தையோ தாயின் சம்மதத்தோடு ஒளிப்பதிவு செய்து, அவருடைய மதிப்பெண் தெரியாத, பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு மதிப்பிடுங்கள்.

எப்போது கேட்பது?

பிரசவம் முடிந்த மறுநாளே கேட்டுவிட்டு அதையே முடிவாக வைத்துக்கொள்வது அவசரம். ராப்சனும் குமாரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் குழந்தை பெற்ற தாய்மாரில் சுமார் 40 சதவீதத்தினர், குழந்தையை முதன்முதலில் கையில் ஏந்தியபோது தங்களுக்குப் பெரிதாக எந்த உணர்வும் எழவில்லை என்று நினைவுகூர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்துக்குள் அன்பு துளிர்த்துவிட்டது. இந்தச் செய்தியைக் கருவுற்றிருக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அளப்பவருக்கும் இதில் பாடம் உண்டு: ஒருமுறை மட்டும் அளந்தால் தாமதத்தையும் சிக்கலையும் பிரித்தறிய முடியாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் கேளுங்கள்.

கைக்குழந்தைக்கென உருவான வினாத்தாளை மூன்று வயதுப் பிள்ளையின் தாயிடம் நீட்டுவதும் பொருந்தாது. அந்த வயதில் நெருக்கத்தோடு மோதலும் உறவின் பகுதியாகிவிடுகிறது. உளவியலாளர் ராபர்ட் பியான்டாவின் பெற்றோர்-பிள்ளை உறவு அளவுகோல் இவ்விரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது.

சொல் மாறினால் அளவும் மாறும்

மொழிபெயர்ப்பில்தான் மிக நுட்பமான பிழைகள் நுழைகின்றன. டெய்லரும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட சிறிய அளவுகோலில் எட்டே உணர்வுகள். ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு இருந்தது என்று தாய் குறிக்க வேண்டும். அவற்றில் ஒன்று, அநியாயம் செய்யப்பட்டதாக எண்ணி உள்ளே புகையும் கசப்பு. இதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது? 'கோபம்' என்றால் மிகவும் பொதுவாகிவிடும். 'வெறுப்பு' என்றால் வேறொரு கேள்வியோடு மோதும். தவிர, எந்தத் தாயும் அதைத் தொடமாட்டார். 'மனக்கசப்பு' நெருங்கி வருகிறது. ஆனால் பலருக்கு அது பெரியவர்களுக்கு இடையே வரும் சங்கதி, பச்சைக் குழந்தையிடம் என்ன மனக்கசப்பு என்று திகைப்பார்கள். தமிழாக்கியதை இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் வழக்கமான முறை இந்தத் திகைப்பைக் காட்டிக்கொடுக்காது. சில தாய்மாரோடு உட்கார்ந்து, "இந்தச் சொல்லைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் அது வெளிப்படும். பத்துப் பேரிடம் பொறுமையாகக் கேட்பது பின்னால் வரும் பெரும் பிழையைத் தடுக்கும்.

பக்கத்தில் யார்?

கணவரோ மாமியாரோ அருகில் இருக்கும்போது நிரப்பப்பட்ட தாளில் எல்லாம் மங்களகரமாகவே இருக்கும். வாசித்துக் காட்டிப் பதில் வாங்கும்போது குரல் அடுத்த கட்டில் வரை கேட்கிறதா என்று பாருங்கள். முன்னுரையில் இரண்டு வாக்கியங்கள் போதும்: "பல தாய்மாருக்குக் கலவையான உணர்வுகள் வருகின்றன. இதில் சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் இல்லை." ரகசியம் காக்கப்படும் என்று உறுதியளிக்கும்போது, குழந்தைக்கோ தாய்க்கோ ஆபத்து என்றால் மட்டும் வேறொருவரிடம் சொல்ல நேரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

எண்கள் தரும் ஏமாற்றம்

மதிப்பெண் ஓடும் திசையைக் கவனியுங்கள். பிராக்கிங்டனும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாளில் கூடுதல் மதிப்பெண் என்றால் கூடுதல் சிக்கல். டெய்லர் அளவுகோலிலும் அப்படியே. காண்டன் அளவுகோலில் கூடுதல் மதிப்பெண் வலுவான பிணைப்பைக் குறிக்கிறது. இவற்றை ஒரே அட்டவணையில் கலந்துவைத்து, முடிவைத் தலைகீழாகப் படித்துவிடுவது எளிது. ஓரிடத்தில் வகுத்த எல்லை மதிப்பெண்ணை, அதாவது சிக்கல் இருக்கலாம் என்று கருதத் தொடங்கும் எண்ணை, வேறொரு மொழியில் அப்படியே பயன்படுத்தி "சிக்கலுள்ள தாய்" என்று முத்திரை குத்துவதும் ஆபத்தானது. அந்த எண் மேலும் பேசிப் பார்க்க வேண்டியவர்களைக் காட்டுமே தவிர, நோயை உறுதிசெய்யாது.

மனச்சோர்வைத் தனியாக அளக்காமல் விடுவது மற்றொரு பெரிய ஓட்டை. சோர்ந்த மனம் எல்லா உறவையும் மங்கலாகவே காட்டும். குழந்தையுடனான உறவும் விலக்கல்ல. காக்ஸும் சகாக்களும் 1987-இல் தந்த பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலைச் சேர்த்துக் கொடுத்தால் படம் தெளிவாகும். மனச்சோர்வே இல்லாமல் பிணைப்பில் மட்டும் தவிக்கும் தாய்மாரும் உண்டு. மனச்சோர்வில் மூழ்கியும் குழந்தையிடம் நெருக்கம் குறையாதவர்களும் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் அளந்துவிட்டு, எது எதற்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பதில் வந்தபின்

பிராக்கிங்டன் வினாத்தாளின் இரண்டு கூற்றுகள் குழந்தைக்குத் தீங்கு நேர்வதைப் பற்றியவை. எடின்பரோ அளவுகோலின் கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. இவற்றைக் கேட்டுவிட்டுத் தாள்களை உறையிலிட்டு, மூன்று மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது பார்ப்பது மன்னிக்க முடியாத தவறு. தாய் எழுந்து போவதற்கு முன்பே அந்தப் பதில்களைப் பாருங்கள். அதேபோல, பதறவும் வேண்டாம். குழந்தைக்கு ஏதோ கெடுதல் செய்துவிடுவோமோ என்ற வேண்டாத நினைப்பு பல புதிய தாய்மாருக்குத் திடுமென வந்து அவர்களையே நடுங்க வைக்கிறது. தீங்கு செய்யும் நோக்கம் அதிலிருந்து வேறானது. எது எது என்று அமைதியாகக் கேட்டறியத் தெரிந்த ஒருவரும், அவர் அனுப்பிவைக்க ஒரு மனநல மருத்துவரும் முதல் வினாத்தாளைக் கொடுக்கும் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லையென்றால் அது அமையும் வரை ஆய்வைத் தள்ளிவையுங்கள்.