பணக் கணக்கும் ஆள் கணக்கும்: நகர நிர்வாகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகர நிர்வாகத்தைச் சீர்படுத்தலாம் என்று உட்கார்ந்தாலே எல்லோரும் முதலில் பட்ஜெட்டைத்தான் கையில் எடுக்கிறார்கள். எந்தத் துறையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற கணக்கு வேறு ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். நகரத்தின் செலவில் பெரும் பங்கு சம்பளமும் ஓய்வூதியமும்தான், அப்படியிருக்க இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளுக்கும் வேர் இதுவே.

காலியிடங்களையே பாருங்கள். ஒரு துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் 100, ஆள் இருப்பது 70 என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட்டில் 100 பேருக்கும் சம்பளம் ஒதுக்கியிருப்பார்கள், மிச்சமாகும் 30 பேரின் சம்பளம் ஆண்டு நடுவில் கூடுதல் நேரப்படிக்கோ ஒப்பந்த ஆட்களுக்கோ போய்ச் சேரும். அது வீண் செலவு என்று சொல்ல வரவில்லை, பல நேரம் தேவைக்குத்தான் போகிறது, ஆனால் அப்படிச் செலவழிக்க மன்றத்தில் யாரும் கைதூக்கியிருக்க மாட்டார்கள். ஒப்பந்ததாரர் வழியாக வருகிறவர்களின் கூலி சேவைச் செலவு என்ற தலைப்பில் எழுதப்படுவதால், அவர்கள் ஆள் கணக்கிலேயே வருவதில்லை. அதனால் "பணியாளர்களைக் குறைத்துவிட்டோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதே ஆண்டில் ஒப்பந்தச் செலவு எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். அனுமதித்த இடம், நிரப்பிய இடம், காலி, ஒப்பந்தம் ஆகிய நான்கு எண்களும் துறைவாரியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒதுக்கிய தொகைக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

அப்புறம், "ரொம்ப நம்பிக்கையானவர்" என்று எல்லாச் சாவியையும் ஒருவர் கையில் கொடுப்பது. அமெரிக்காவில் இலினொய் மாநிலத்தில் டிக்சன் என்ற சிறு நகரம். அதன் கணக்கு அலுவலர் 1990 முதல் 2012 வரை நகரத்தின் பெயரிலேயே ஒரு ரகசிய வங்கிக் கணக்கு வைத்து 5 கோடி டாலருக்கும் மேல் எடுத்தார். ஆண்டுதோறும் வெளித் தணிக்கையும் நடந்துகொண்டுதான் இருந்தது. அவர் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த இன்னொரு ஊழியர் எல்லா வங்கி அறிக்கைகளையும் கேட்டு வாங்கினார், அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பில்லுக்கு ஒப்புதல் தருகிறவர், பணம் அனுப்புகிறவர், வங்கி அறிக்கையைச் சரிபார்க்கிறவர் மூன்று பேரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஊழியர் பற்றாக்குறையில் இது முடியாது என்றால், வங்கி அறிக்கையை மட்டுமாவது வேறொருவர் நேரடியாக வாங்கிப் பார்க்கட்டும். கணக்குப் பிரிவில் கட்டாய விடுப்பு வைப்பதும் இதற்காகத்தான்.

சம்பளத்தை மூடி வைப்பதும் ஆபத்து. கலிபோர்னியாவின் பெல் நகரத்தில் மக்கள் தொகை 40,000-கூட இல்லை, அங்கே நிர்வாக அதிகாரியின் ஆண்டுச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் என்று 2010-இல் பத்திரிகை எழுதிய பிறகுதான் ஊர்க்காரர்களுக்கே தெரிந்தது. பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள், கூடுதல் நேரம், ஓய்வூதியப் பங்கு என்று மொத்தமும் வெளியில் இருக்க வேண்டும். வீட்டு முகவரியும் மருத்துவ விவரமும் வேண்டாம், அது ஊழியரின் சொந்த விஷயம்.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கட்டடத்துக்கும் குழாய்க்கும் வாங்க வேண்டிய கடனில் சம்பளம் போடாதீர்கள். 1975-இல் நியூயார்க் திவாலின் விளிம்புக்குப் போனதற்கு, அன்றாடச் செலவை மூலதனக் கணக்கில், அதாவது கட்டடம், குழாய் போன்ற நீண்ட காலச் சொத்துகளுக்கான கணக்கில், தள்ளிக் கடன் வாங்கிக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். நிலம் விற்று வந்த பணத்தை நம்பி நிரந்தரப் பணியிடம் உருவாக்குவதும் இதே வகைதான், பணம் ஒருமுறை வரும், சம்பளம் மாதாமாதம் போகும்.

கடைசியாக, எல்லாவற்றையும் வெளியிட்டுவிட்டோம் என்று 600 பக்கத்தை ஸ்கேன் செய்து படமாகப் போடுகிறார்கள். அதில் எதையும் தேடவும் முடியாது, கூட்டிப் பார்க்கவும் முடியாது. ஆண்டுக்கு ஆண்டு தலைப்புகளை மாற்றிவிட்டால் ஒப்பிடவும் முடியாது. எக்செல் கோப்பாக, அதே தலைப்புகளில், சென்ற ஆண்டு மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் உண்மையில் செலவான தொகையையும் சேர்த்துப் போடுங்கள். பெரிய வித்தியாசம் இருக்கும் இடத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும்.